மலையேறும் ஜீப்பும் அறுந்துபோகும் ஒயரும்

போடிநாயக்கனூரில் பொழுது ஜீப்புகளின் உறுமலோடுதான் புலர்கிறது. சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுகிறவர்கள், தெருமுனைகளில் தூக்குச்சட்டியும் பழைய கம்பளிச் சட்டையுமாகக் காத்து நிற்கும் பெண்களே. ஏலத்தோட்டங்களில் காயெடுக்கவும் களையெடுக்கவும் மலையேறுகிறவர்கள் அவர்கள். முந்தல் வரை சமவெளி. முந்தலுக்கு அப்பால் மலை. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கும் மேலே இருக்கின்ற போடிமெட்டை எட்டினால், அங்கே தமிழகம் முடிந்து கேரளம் தொடங்குகிறது. அதற்கும் அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஏலமலைகள் விரிகின்றன. அத்தனை தொலைவும் காலையில் ஏறி, மாலையில் இறங்கி, வீட்டுக்கு வந்து உலை வைக்கிறார்கள் அந்தப் பெண்கள்.

அவர்களைச் சுமந்து செல்லும் ஜீப்புகள் சிலவற்றின் அடிவயிற்றில், ஓட்டுநரின் இடக்கால் மிதியிலிருந்து கியர்ப்பெட்டி வரைக்கும், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஓர் ஒயர் ஓடுகிறது. கிளட்ச் ஒயர் என்று அதற்குப் பெயர். கடையில் கேட்டால் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடும். ஆனால் ஏற்றத்தில் ஒரு வளைவைத் திரும்பும்போது, முழு வண்டியும் அதில் அமர்ந்திருக்கும் அத்தனை உயிர்களும் அந்தச் சில நூறு ரூபாய்ப் பொருளை நம்பியே திரும்புகின்றன. நம் வாசகர்களில் கம்பம், உத்தமபாளையம், பெரியகுளம், போடி வட்டாரங்களைச் சேர்ந்த குடும்பங்கள் பல, ஏதேனும் ஒரு வகையில் ஏலத்தோடு தொடர்பு கொண்டவை. தோட்டம் வைத்திருப்போர், காய் வாங்கி விற்போர், வண்டி ஓட்டுவோர், கூலிக்குச் செல்வோர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றெண்ணியே, நம் வீட்டு வண்டியில் திரும்பத் திரும்ப அறுந்த ஓர் ஒயரின் வரலாற்றை இங்கே எழுதத் துணிந்தோம்.

ஜீப் நம் நாட்டுக்கு வந்த விதத்தை முதலில் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப்போரின் தேவைக்காக 1941ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் பெருவாரியாகச் செய்யப்பட்ட வண்டி அது. 1945இல் லூதியானாவில், மஹிந்திரா சகோதரர்களான ஜே.சி., கே.சி. ஆகிய இருவரும் மாலிக் குலாம் முஹம்மது அவர்களும் கூட்டாக ஓர் இரும்பு வணிக நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ‘மஹிந்திரா அண்டு முஹம்மது’ என்பதே அதன் பெயர். நாடு பிரிந்தபோது குலாம் முஹம்மது அவர்கள் பாகிஸ்தான் சென்று, அந்நாட்டின் முதல் நிதியமைச்சராகவும், பின்னர் 1951 முதல் 1955 வரை கவர்னர் ஜெனரலாகவும் விளங்கினார்கள். இங்கே நின்ற நிறுவனம் 1948இல் ‘மஹிந்திரா அண்டு மஹிந்திரா’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்நிறுவனம் 1947இல் பம்பாயில் ஜீப் தொழிலில் இறங்கியபோது, வண்டிகள் முழு உருவில் கப்பலேறி வரவில்லை. பிரித்த பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டன. ஆகவே இந்தியாவில் ஜீப் என்பது தொடக்கத்திலேயே பூட்டிச் சேர்த்த வண்டிதான்.

அந்தப் பழக்கம் தொழிற்சாலையோடு நின்றுவிடவில்லை. ஒரு வண்டியின் சேஸ், இன்னொரு வண்டியின் எஞ்சின், மூன்றாவதன் கியர்ப்பெட்டி, உள்ளூர்ப் பட்டறையில் அடித்த தகர உடல் என்று சேர்த்து, மலைக்கேற்ற ஜீப்பைக் கட்டிக்கொள்ளும் கலை மலையடிவார ஊர்கள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இத்தகைய மாற்றங்களுக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. எஞ்சினை மாற்றுவதாயின் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். நம் அத்தா வாங்கிய ஜீப் அவ்வாறு ஒப்புதலோடு எஞ்சின் மாற்றப்பட்டு, பதிவுப் புத்தகத்திலும் அது ஏற்றப்பட்ட வண்டி. பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் டீசல் எஞ்சின். பழைய கிளட்ச் இணைப்புகள் புதிய கியர்ப்பெட்டிக்குப் பொருந்தாமற் போகவே, கட்டிய பட்டறைக்காரர் வேறொரு வகை வண்டியின் கிளட்ச் ஒயரைக் கொணர்ந்து, வளைத்து நெளித்துப் பொருத்தியிருந்தார். அத்தா மறைந்த பின் அது நம் பொறுப்புக்கு வந்தது. பூப்பாறைக்கு அப்பால் நமக்கிருந்த சிறிய ஏலத்தோட்டத்துக்கு ஆள்களை ஏற்றிப் போவதே அதன் வேலை. ஓட்டியவர் நம் மூத்த சகோதரியின் கணவர். இருபது ஆண்டுகள் அந்த மலையில் வண்டி ஓட்டிய கை அவருடையது.

கிளட்ச் ஒயர் என்ன வேலை செய்கிறது என்பதைச் சுருங்கச் சொல்வோம். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் வழியில், சேர்க்கவும் பிரிக்கவும் வல்ல ஒரு பூட்டு உண்டு. அதுவே கிளட்ச். மிதியை அழுத்தினால் ஒயர் இழுபடும், ஒயர் ஒரு முட்கரண்டியை அசைக்கும், பூட்டு விடுபடும். அந்த இடைவெளியில்தான் கியர் மாற்ற இயலும். ஒயர் அறுந்துவிட்டால் பூட்டு விடுபடாது. எஞ்சினும் சக்கரமும் பிணைந்தபடியே கிடக்கும். சமவெளியில் இது ஒரு தொல்லை. மலையிலோ இது ஆபத்து. இரண்டாம் கியரில் ஏறி வரும் வண்டி, வளைவில் முதல் கியருக்கு இறங்க வேண்டிய தருணத்தில் இறங்க முடியாமல், திணறி, நடுவளைவிலேயே நின்றுவிடும்.

இந்த ஒயரின் குலமுறை சுவையானது. பழங்காலச் சுரங்கங்களில் பாரம் தூக்க இரும்புச் சங்கிலிகளையே நம்பினார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் எல்லாம் விட்டதுதான், முன்னறிவிப்பு இராது. ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில், கிளவ்ஸ்டால் என்னும் ஊரின் சுரங்க அதிகாரியான வில்ஹெல்ம் ஆல்பர்ட், கம்பி இழைகளை முறுக்கிச் செய்த வடத்தை 1834இல் அங்கே பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். வடத்தில் இழைகள் ஒவ்வொன்றாகவே அறும். ஒன்று அறுந்தால் மற்றவை தாங்கும். பார்க்கக் கண் உள்ளவனுக்கு அது முன்கூட்டியே சேதி சொல்லிவிடும். பின்னர் 1896இல் எர்னஸ்ட் மானிங்டன் பவுடன் என்பவர், நெகிழும் உறை ஒன்றுக்குள் மெல்லிய கம்பி வடத்தை ஓடவிட்டு, வளைந்த பாதையிலும் இழுவிசையைக் கடத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீட்டு மிதிவண்டியின் பிரேக் ஒயரும் ஜீப்பின் கிளட்ச் ஒயரும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே.

போடிக்கும் கம்பி வடத்துக்கும் வேறொரு பழைய உறவும் உண்டு. மூணாறு மலையில் விளைந்த தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து அந்தரத்தில் ஓடிய கம்பி வடப்பாதையில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்கு வந்து சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்துவிட்டது. மலையையும் சமவெளியையும் ஒரு கம்பி இணைத்து நின்ற நினைவு மட்டும் டாப் ஸ்டேஷன் என்ற பெயரில் எஞ்சியிருக்கிறது.

நம் வண்டியின் கதைக்கு வருவோம். 2016 ஆகஸ்டு முதல் 2017 செப்டம்பர் வரையிலான 14 மாதங்களில் 7 கிளட்ச் ஒயர்கள் அறுந்தன. நல்ல நிலையில் பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய பொருள் அது. முதலாவது அறுந்தபோது தேய்மானம் என்றார்கள், ஏற்றுக்கொண்டோம். இரண்டாவது அறுந்தபோது மட்டமான சரக்கு என்றார்கள். விலை கூடியதாக வாங்கினோம். மூன்றாவதும் நான்காவதும் ஒரே மாதத்தில் அறுந்தபோது, பட்டறையில் வேறு பேச்சு எழுந்தது. ஓட்டுகிறவர் கிளட்ச் மிதியில் கால் வைத்தபடியே ஓட்டுகிறார், அதனால்தான் ஒயர் தாங்கவில்லை என்றார்கள்.

அந்தச் சொல் மச்சானைத் தைத்துவிட்டது. “மாப்ளே, இருபது வருசமா இந்த மலையில ஓட்டுறேன். என் காலு எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியாதா?” என்று ஒரு நாள் இரவு கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. ஒரு தொழிலாளியிடம் இருக்கும் சொத்து அவனுடைய கைப்பழக்கத்தின் மேல் மற்றவர் வைத்திருக்கும் நம்பிக்கைதான். ஆராயாமல் சொன்ன ஒரு பேச்சு அதைக் குலைத்துவிடும். அதன்பின் அவர் கிளட்சைத் தொடவே அஞ்சி ஓட்டினார். அப்படியும் ஐந்தாவது ஒயர் அறுந்தது.

இன்னொருவர் இழப்பு அதைவிடக் கனமானது. ஆடிச் சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், பகல் வேலை முடிந்து, தோட்டத்திலிருந்து எட்டுப் பெண்களோடு வண்டி திரும்பியது. போடிமெட்டுக்கு முன்னால் உள்ள ஓர் ஏற்றத்தில், வளைவின் நடுவே ஆறாவது ஒயர் அறுந்தது. வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. பின்னால் ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. மூடுபனியில் அதன் விளக்குகள் மட்டும் தெரிந்தன. மச்சான் பிரேக்கை மிதித்தபடி, கைப்பிரேக்கையும் இழுத்துப் பிடித்தார். பெண்கள் இறங்கி ஓடிப்போய்ச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். இருவர் முந்தானையை வீசிப் பேருந்தை நிறுத்தினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நம் தோட்டத்துக்கு அத்தா காலத்திலிருந்து வந்துகொண்டிருந்த மூத்த அக்கா ஒருவர் மறுநாள் வரவில்லை. ஆளனுப்பிக் கேட்டபோது, “பாய் மேல எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல. அந்த வண்டியில ஏறத்தான் மனசு வரல” என்று சொல்லியனுப்பினார். அவர் சொன்னதில் தவறேதும் இல்லை. வேறு தோட்டத்து வண்டியில் இடம் கிடைக்கும் வரை, அந்தக் குடும்பம் அவருடைய கூலியில்லாமல் நாள்களைத் தள்ளிற்று. சில நூறு ரூபாய் ஒயரின் உண்மையான விலை அதுதான்.

ஒவ்வோர் ஒயரும் அறுந்த நாளையும் இடத்தையும் நேரத்தையும் நாம் ஒரு பழைய கணக்கு நோட்டில் குறித்து வந்தோம். ஏலக்காய் எடை எழுதும் வீட்டில் இது இயல்பான பழக்கம். ஏழாவது ஒயருக்குப் பிறகு அந்த ஏட்டை நிதானமாகப் புரட்டியபோது ஒன்று புலப்பட்டது. கார்த்திகையில் ஒன்று, மார்கழியில் இரண்டு, தையில் ஒன்று, ஆடியில் இரண்டு, ஆவணியில் ஒன்று. மாசி முதல் வைகாசி வரை ஒன்றுகூட இல்லை. கோடையிலும் அதே மலை, அதே 17 வளைவுகள், அதே ஓட்டுநர், தண்ணீர் பாய்ச்சும் வேலைக்கு ஏறத்தாழ அதே எண்ணிக்கை ஆள்கள். மலையேற்றமோ ஓட்டுநரின் காலோ காரணமாயிருந்தால், கோடையிலும் அறுந்திருக்க வேண்டுமே! மழைக்காலத்திலும் காயெடுப்புக் காலத்திலும் மட்டும் வண்டிக்கு என்ன வேறுபாடு? ஒன்றே ஒன்றுதான் தென்பட்டது. அந்த மாதங்களில் பச்சைக்காயை ஸ்டோருக்குச் சேர்க்க வேண்டியிருந்ததால், வண்டி பல இரவுகள் தோட்டத்திலேயே நின்றது. குளிரில் விறைத்த டீசல் எஞ்சினை எழுப்ப, மச்சான் செல்ஃபை நெடுநேரம் சுற்ற வேண்டியிருந்தது.

குளிரில் செல்ஃப் சுற்றுவதற்கும் கிளட்ச் ஒயருக்கும் என்ன தொடர்பு என்பது எந்த மெக்கானிக்குக்கும் பிடிபடவில்லை. விடை வேறொரு வாயிலிருந்து வந்தது. செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது என்ற தனிப் புகாருக்காக, பேட்டரி வேலை செய்யும் முதியவர் ஒருவரை அழைத்திருந்தோம். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். பழைய ஒயர்கள் இருந்தால் காட்டச் சொன்னார். அறுந்த ஒயர்களை மச்சான் ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார். முதியவர் ஒன்றை எடுத்து, உறையைக் கத்தியால் கீறினார். உள்ளே வழவழப்பாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பூச்சு உருகி, கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. சில இழைகள் நீலம் பாய்ந்திருந்தன. “பாய், இது இழுத்து அறுந்த ஒயர் இல்ல. வெந்து அறுந்த ஒயர்” என்றார்.

பின்னர் மச்சானைச் செல்ஃப் எடுக்கச் சொல்லி, கிளட்ச் ஒயரின் உறையைத் தொட்டுப் பார்த்தார். நம்மையும் தொடச் சொன்னார். சூடாக இருந்தது. ஆக்சிலேட்டர் ஒயரையும் தொடச் சொன்னார். அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த ஒயர் இரு முறை இறுகிப்போய் நாம் மாற்றியிருந்ததும் அப்போது நினைவுக்கு வந்தது. முதியவர் ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவிலும் மறுமுனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் கவ்வவிட்டார். இப்போது செல்ஃப் எடுத்தால், அதுவரை முனகிக்கொண்டிருந்த மோட்டார் துள்ளிச் சுழன்றது. கிளட்ச் ஒயர் குளிர்ந்தே இருந்தது. ஐந்து நிமிடச் சோதனை. ஏழு ஒயர்களின் வழக்கு அதில் தீர்ந்தது.

காரணத்தை விளக்குவோம். பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றிவிட்டுப் பேட்டரிக்கே திரும்பியாக வேண்டும். மோட்டார் எஞ்சினோடு பூட்டப்பட்டது. எஞ்சினோ அதிர்வைத் தாங்குவதற்காக ரப்பர்க் கட்டைகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் ஓடாது. ஆதலால் எஞ்சினிலிருந்து சேஸுக்கு ஒரு தடித்த செம்புப் பட்டை போட்டிருப்பார்கள். எர்த் பட்டை என்பது அதன் பெயர். நம் வண்டியைக் கட்டிய பட்டறையில், எஞ்சினை மாற்றியபோது அந்தப் பட்டையைத் திரும்பப் பூட்டவேயில்லை. திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம், எஞ்சினையும் வண்டியின் உடலையும் தொட்டுக்கொண்டிருந்த எந்த இரும்பையும் வழியாக்கிக்கொண்டது. கிளட்ச் ஒயர் ஒரு முனையில் கியர்ப்பெட்டியையும் மறுமுனையில் மிதியையும் தொடுகிறது. ஆகவே மிதியின் விசையைக் கடத்த வந்த ஒயர், பேட்டரியின் மின்சாரத்தையும் கடத்தும் வேலைக்காரனாயிற்று.

செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியர். டீசல் எஞ்சினுக்கு இன்னும் அதிகம். எண்ணெய் குளிரில் இறுகிய காலையில் அதனினும் அதிகம். எஃகு, செம்பைக் காட்டிலும் ஆறு மடங்குக்கு மேல் மின்சாரத்தை எதிர்க்கக்கூடியது. மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது ஜூல் கண்ட விதி. குளிர்ந்த விடியலில் நெடுநேரம் சுற்றிய செல்ஃப், அந்த மெல்லிய கம்பியை அடுப்பிலிட்ட கம்பியாக்கியது. உறை உருகியது, கம்பி உரசியது, மிதி கனத்தது, கனத்த மிதியைக் கூடுதல் விசையோடு அழுத்த வேண்டியதாயிற்று. முனையிலுள்ள நிப்பிள் திரும்ப முடியாமல் இறுகிப்போனதால், ஒவ்வொரு மிதிப்பிலும் கம்பி அதே இடத்தில் மடிந்து நிமிர்ந்தது. அங்கே இழைகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. கடைசி இழைகள் எஞ்சியிருந்த நேரத்தில், பெருவிசை தேவைப்படும் ஏற்றத்தில் அது விட்டுப்போனது. வெப்பம் தோட்டத்தில் நிகழ்ந்தது, அறுந்தது வளைவில். அதனால்தான் எல்லாரும் வளைவையே குற்றம் சாட்டினார்கள்.

மடிந்து நிமிரும் உலோகம் களைத்துப்போகும் என்பது உலகம் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம். 1842 மே மாதத்தில் பிரான்சின் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து, பலர் தீயில் மாண்டனர். ஒரே தடவையில் முறிக்கப் போதாத விசையும், மீண்டும் மீண்டும் செயற்பட்டால் முறித்துவிடும் என்பதைப் பிற்பாடு ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் நீண்ட சோதனைகளால் நிறுவினார். நிப்பிள் முனையில் நம் ஒயர் அறுந்ததும் அதே நியதியின்படிதான்.

பூட்டிச் சேர்த்த வண்டிகளுக்கு இந்த எர்த் குறை உலகெங்கும் பொதுவானது. பிரிட்டனில் 1957இல் வந்த லோட்டஸ் செவன் போன்ற வண்டிகள் பாகங்களாக விற்கப்பட்டன. முழு வண்டிக்கு விதித்த வரி அதற்கில்லை என்பதால், வாங்கியவர்கள் வீட்டிலேயே பூட்டிக்கொண்டார்கள். அத்தகைய வண்டிகள் பலவற்றின் உடல் கண்ணாடியிழையால் ஆனது. அதில் மின்சாரம் ஓடாது. எர்த் பட்டையை மறந்துவிட்டால், கிளட்ச் ஒயரும் ஆக்சிலேட்டர் ஒயரும் சூடேறிக் கெடும். தொழிற்சாலையில் கட்டிய வண்டியில் ஒவ்வொரு பாகமும் மற்றொன்றை அறிந்து பிறக்கிறது. பல வண்டிகளிலிருந்து எடுத்துக் கட்டியதில், பாகங்கள் நன்றாயிருந்தாலும் அவற்றுக்கிடையிலான உறவுகளை யாராவது ஒருவர் நினைவில் வைத்துப் பூட்ட வேண்டும்.

பழுதை நீக்கிய முறையையும் சொல்லிவிடுகிறோம். கியர்ப்பெட்டியிலிருந்து சேஸுக்குத் தடித்த செம்புப் பின்னல் பட்டை ஒன்று போடப்பட்டது. இரு முனைகளிலும் பெயிண்டையும் துருவையும் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்த பின்னரே போல்ட் முறுக்கப்பட்டது. பெயிண்டின் மேல் பூட்டிய பட்டையால் பயனில்லை. பேட்டரி நெகடிவுக்கும் எஞ்சினுக்கும் இடையே, செல்ஃப் சுற்றும்போது மீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டலாகாது என்றார் முதியவர், அதையும் பார்த்துக்கொண்டோம். பிறகு மெக்கானிக் ஒயரின் பாதையைத் திருத்தினார். கூர்மையாக மடிந்திருந்த இடத்தில் அகன்ற வளைவு கொடுத்து, புகைக்குழாயை விட்டு விலக்கினார். நிப்பிள் அமரும் குழியை ராவி, அது தடையின்றித் திரும்பும்படி செய்து கிரீஸ் வைத்தார். இளகிப்போயிருந்த எஞ்சின் ரப்பர்களையும் மாற்றினோம். எஞ்சின் ஆடினால் ஒயரும் சேர்ந்து இழுபடும் அல்லவா? மிதியின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலத் தளர்வு இருக்கும்படி சரிசெய்தோம்.

எட்டாவது ஒயர் அந்த ஆண்டுக் காயெடுப்பையும் அடுத்த ஆண்டின் மழையையும் கடந்து நின்றது. மச்சான் மீது சொன்ன பேச்சைப் பட்டறைக்காரர் தாமே முன்வந்து திரும்பப் பெற்றார். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தார். அந்த அக்கா மட்டும் நம் வண்டிக்குத் திரும்பவில்லை. புதிய தோட்டத்தில் அவருக்கு வேலை நிலைத்துவிட்டது. வழியில் காணும்போது நலம் விசாரிப்பார்.

மலையேறும் வண்டி வைத்திருப்போருக்கும், அதில் தம் வீட்டாரை அனுப்புவோருக்கும் சில சொற்கள். ஒயர் அறுவதற்கு முன் சொல்லிவிடும். மிதி கனத்தாலோ, தளர்வு திடீரெனக் கூடினாலோ, கியர் விழும்போது கரகரத்தாலோ, இழைகள் அறத் தொடங்கிவிட்டன என்று கொள்ளுங்கள். அன்றே முந்தலுக்குக் கீழே வண்டியை நிறுத்திப் பாருங்கள். மாற்று ஒயர் ஒன்றும், சக்கரத்துக்கு வைக்க இரண்டு மரக்கட்டைகளும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். ஏற்றத்தில் ஒயர் அறுந்தால் முதலில் ஆள்களை இறக்கி, மலைச்சுவர் ஓரமாக நிற்கச் செய்யுங்கள். ஒருவரைப் பின்பக்கம் அனுப்பி வரும் வண்டிகளை நிறுத்துங்கள். முதல் கியரைப் போட்டுச் செல்ஃபாலேயே வண்டியை நகர்த்தும் வித்தை ஓட்டுநர்களுக்குத் தெரியும். சமதளத்தில் ஓரம் கட்ட அது உதவும். ஆள்களை வைத்துக்கொண்டு வளைவேற அது உதவாது. இருக்கைக்கு மேற்பட்ட ஆள்களை ஏற்றும் வழக்கமும் கிளட்சைத் தேய்ப்பதோடு உயிரையும் பணயம் வைப்பதாகும்.

ஒரே பாகம் இரண்டாம் முறை கெட்டால் நோட்டு ஒன்றை எடுங்கள். நாளும் நேரமும் குளிரும் மழையும் எழுதுங்கள். மூன்றாம் முறை கெட்டால், பாகத்தை மாற்றுகிறவரிடம் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, அதை அறுத்துப் பாருங்கள். ஓட்டுகிறவரின் காலைப் பற்றிப் பேசுவதற்கு முன் இவ்விரண்டையும் செய்துவிட வேண்டும். விடியலில் தெருமுனையில் நிற்கும் பெண்கள் வண்டியின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு ஏறுவதில்லை. பார்த்திருப்பார்கள் என்று நம்பித்தான் ஏறுகிறார்கள்.